வெயிலில் கூலிக்குப் போகிறவர்களின் கிட்னியை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாழப்பாடி பக்கம் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். மாசி பிறந்து வெயில் ஏற ஆரம்பித்தாலே, சாயங்காலம் மரவள்ளிக் காட்டிலிருந்தும் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் களத்திலிருந்தும் திரும்புகிற ஆட்கள் எங்கள் கடையில் கேட்பது பெரும்பாலும் இரண்டே இரண்டுதான், உடம்பு வலிக்கு மாத்திரை, நீர்க்கடுப்புக்கு மாத்திரை. "சூடு புடிச்சிக்கிச்சு சாமி, ஒண்ணுக்குச் சொட்டுச் சொட்டாத்தான் போவுது" என்று ஒரு வயதான அம்மா வந்து நின்றார். காலையிலிருந்து எவ்வளவு தண்ணி குடிச்சீங்கம்மா என்று கேட்டால், ஒரு சொம்பு இருக்கும் என்கிறார். குடித்தால் ஒதுங்க வேண்டும், ஆம்பளைகள் சுற்றி நிற்கிற வெட்ட வெளியில் எங்கே ஒதுங்குவது? அதனால் வாயைக் கட்டிக்கொண்டே பொழுதை ஓட்டிவிடுகிறார்கள்.

இதைச் சூடு என்று சொல்லி இளநீரோடு விட்டுவிடுகிறோம். ஆனால் உள்ளே நடப்பது வேறு. வேர்வையில் நீர் வற்ற வற்ற கிட்னிக்குப் போகும் ரத்தம் குறைகிறது, உடம்பு கொதித்துக் கிடக்கும்போது விடாமல் வேலை செய்தால் தசையும் சிதைந்து அந்தக் கழிவும் கிட்னி தலையில்தான் விழுகிறது. ஒருநாள் என்றால் தேறிவிடும். வருஷா வருஷம் கோடை முழுக்க இப்படி அடிபட்டால் தழும்பு விழுந்து, அப்புறம் திரும்பி வராது. இந்த நிலையில் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையைப் போட்டால் ரத்த ஓட்டம் இன்னும் குறையும். நான் பாராசிட்டமாலும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் கொடுத்து அனுப்பினால், "இது கேக்காது தம்பி" என்று அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். நாளைக்கும் அதே வேலைக்குப் போயாக வேண்டுமே, அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்.

உலகத்தில் இது புதுசில்லை. மத்திய அமெரிக்காவில் இருக்கிற எல் சால்வடாரில் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லாத விவசாயக் கூலிகளுக்குக் கிட்னி பழுதாவதை அங்குள்ள மருத்துவர்கள் 2002-இலேயே எழுதினார்கள். பக்கத்து ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியிலும், இலங்கையில் அனுராதபுரம், பொலன்னறுவை பக்கமும் காரணம் பிடிபடாத கிட்னி நோய் ஊர் ஊராக இருக்கிறது. பூச்சிமருந்தா, குடிதண்ணீரா என்றும் ஆராய்கிறார்கள், எல்லா இடத்திலும் வெயில் ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே மத்திய அமெரிக்காவின் நிகரகுவாவில் கரும்பு வெட்டுகிறவர்களுக்குத் தண்ணீரோடு நிழலும் கட்டாய ஓய்வும் சேர்த்துக் கொடுத்தபோது கிட்னி பாதிப்பு குறைந்திருக்கிறது. தண்ணீர் மட்டும் போதாது, ஓய்வுதான் முக்கியம் என்பதை நம் ஊரில் யாரும் பேசுவதே இல்லை.

ஓய்வு எப்படிக் கிடைக்கும்? கிழங்கு பிடுங்குவதற்கு டன்னுக்கு இவ்வளவு என்றுதான் கூலி, உட்கார்ந்தால் அந்த நேரத்துக் காசு போச்சு. மேலே ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்திலாவது சில்வர் ஓக் நிழல் உண்டு, அடிவாரம் இறங்கிவிட்டால் காட்டில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. சேகோ காயப்போடும் களத்தில் மேலே வெயில், கீழே சிமெண்ட் சூடு. சேலத்தில் சித்திரை மாதம் 104 டிகிரியைத் தாண்டுவது நமக்குப் பழகிப்போய்விட்டது.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் 2021-இலிருந்து வீட்டுக்கே வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிறது, நல்ல திட்டம், எங்கள் தெருவிலேயே அதனால் பிழைத்தவர்கள் உண்டு. ஆனால் இந்த நோய் வருகிறவருக்குச் சர்க்கரை இருக்காது, பிரஷரும் ரொம்ப நாள் ஏறாது, காலும் வீங்காது. சிறுநீரில் புரதம்கூட இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருப்பதால் குச்சி நனைத்துப் பார்க்கும் சோதனையிலும் தப்பிவிடும். கிட்னி வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்தால்தான் தெரியும். தெரியவரும்போது பாதிக்கு மேல் போயிருக்கும். டயாலிசிஸுக்குக் காப்பீட்டு அட்டை இருக்கிறது, சரி. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் மெஷினில் படுத்துவிட்டு வருகிறவரை யார் வேலைக்கு வைப்பார்கள்? கூட வருகிற ஆளின் கூலியும் போகிறது.

2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு அறிவித்து, வெயிலில் செத்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் என்றது. வரவேற்கிறேன். ஆனால் பத்து வருஷமாக வெயில் தின்ற கிட்னி அந்தக் கணக்கில் வராது. கேரளத்தில் கோடைக்குக் கோடை மதியம் 12 மணியிலிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று தொழிலாளர் துறை உத்தரவு போடுகிறது. அதே உத்தரவை இங்கேயும், சேகோ களத்துக்கும் கிழங்கு வியாபாரி கூட்டிப்போகும் ஆட்களுக்கும் சேர்த்துப் போட வேண்டும். விடியற்காலை ஆரம்பித்துப் பத்தரை மணிக்கு முடித்தாலும் முழுக் கூலி என்று இருந்தால் எல்லோருமே சம்மதிப்பார்கள். வேலை நடக்கிற இடத்தில் ஒரு தார்ப்பாய்ப் பந்தலும், பெண்கள் ஒதுங்க நாலு பக்கம் மறைப்பும் வைப்பது பெரிய செலவில்லை. மக்களைத் தேடி வரும் அந்தச் சகோதரிகளின் பட்டியலில், கோடைக்கு முன் ஒரு தடவை, முடிந்தபின் ஒரு தடவை, வெயிலில் கூலிக்குப் போகிற எல்லோருக்கும் கிரியாட்டினின் பரிசோதனையைச் சேர்க்கச் சொல்லி மாவட்ட ஆட்சியரையும் சுகாதாரத் துறையையும் உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த மாசிக்குள் ஆரம்பித்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
மருந்துக்கடை ஊழியர்,
வாழப்பாடி, சேலம் மாவட்டம்