தாளிப்பனை ஓலை பிடித்தவர் நம் பாட்டனார் அல்லர்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் இதழில் இலங்கை மலையகத் தமிழ் மக்களின் உடை பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். கட்டுரையில் குறையில்லை, குறை அதனுடன் போட்ட படத்தில். இடுப்பில் துணி கட்டிய ஒருவர் மழைக்குப் பெரிய ஓலையைத் தலைக்கு மேல் பிடித்திருக்கிறார். கீழே 'தோட்டத்துக்கு வந்த நம் முன்னோர்' என்று எழுதியிருக்கிறீர்கள்.

அது 1681இல் லண்டனில் வெளியான றொபேட் நொக்ஸின் புத்தகத்துப் படம். நொக்ஸ் ஓர் ஆங்கிலேயக் கப்பல்காரர். 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, 1679இல் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டைக்குத் தப்பிப் போகும்வரை கண்டி இராச்சியத்துக் கிராமங்களில் இருந்தவர். ஓலை தாளிப்பனை ஓலை. ஒரே ஓலையில் பதினைந்து இருபது பேர் நனையாமல் நிற்கலாம் என்று அவரே எழுதியிருக்கிறார். பிடித்திருப்பவர் கண்டிச் சீமைக் கிராமத்தவர். கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டம் வந்ததோ 1820களில். நடுவில் நூற்று நாற்பது வருஷம் இருக்கிறது!

இந்த மாதிரிப் பழைய உடைப் படங்களைச் சாட்சியாக எடுக்கும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். 1590இல் வெனிஸில் செசாரே வெச்செல்லியோ என்ற ஓவியர் உலகத்து மக்களின் உடைகளை நானூறுக்கும் மேற்பட்ட மரச்செதுக்குப் படங்களாகப் போட்டார். 1598இல் வந்த அடுத்த பதிப்பில் அமெரிக்கப் பூர்வகுடிகளையும் சேர்த்தார். அவர் அங்கே போனதே இல்லை. ஜோன் வைட் என்ற ஆங்கிலேயர் வர்ஜீனியாவில் நேரில் பார்த்து வரைந்ததை, தியோடோர் டி பிரை செப்புத் தகட்டில் வெட்டி அச்சிட்டார். அதைப் பார்த்துத்தான் வெனிஸில் மரத்தில் செதுக்கினார்கள். கை மாற மாற முகமும் மாறும், துணியின் மடிப்பும் மாறும்.

இன்னொரு சங்கதி. ஓர் அச்சுப் படத்தைப் பார்த்து அப்படியே தகட்டில் வெட்டினால், தாளில் விழும்போது இடம் வலமாகிவிடும். கவனமான ஆள் திருப்பி வெட்டுவார், அவசரக்காரர் வெட்டமாட்டார். மடிசாரில் ஐயர் வீட்டுப் பெண்களுக்கு முந்தானை வலத்தோளில், ஐயங்கார் வீட்டில் இடத்தோளில். செதுக்குபவர் ஒரு நாள் சோம்பினால் போதும், ஒரு மாமி சம்பிரதாயமே மாறிவிடுவார்!

சரி, கமரா வந்த பிறகாவது நிலைமை திருந்தியதா? வெள்ளைக்காரர் காலத்துத் தபால் அட்டைகளைப் பாருங்கள். 'தமிழ்க் கூலி', 'கொழுந்து பறிக்கும் பெண்' என்றுதான் இருக்கும். துரைக்குப் பெயர் இருக்கும், பங்களாவுக்குப் பெயர் இருக்கும், நிற்கிறவளுக்கு இருக்காது.

அதனால் இரண்டு கேட்கிறேன். முதலில் அந்தப் படக்குறிப்பைத் திருத்துங்கள். அப்புறம், இடுப்பில் படங்கு என்ற முரட்டுத் துணியைக் கட்டி, கம்பளியைத் தலைக்கு மேல் மடித்துக் கொங்காணி போட்டு, முதுகில் கூடையோடு காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போன நம் பெண்களின் படங்களை வாசகர்களிடமே கேளுங்கள். பெயர், தோட்டம், டிவிசன் போட்டு வெளியிடுங்கள். கங்காணிமாரின் கோட்டும் தலைப்பாகையும் பல இடத்தில் வந்துவிட்டன, அவர்கள் கொஞ்சம் காத்திருக்கலாம்.

என் பங்குக்கு என் அப்பாயியின் படத்தை அனுப்பத்தான் ஆசை. இருப்பது ஒன்றே ஒன்று, 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக்கொடுத்தபோது பாஸ்போட்டுக்காக எடுத்தது. நெஞ்சு வரைக்கும்தான் தெரிகிறது. படங்கும் இல்லை, கூடையும் இல்லை. உடுத்தியிருக்கும் சேலையும் பக்கத்துக் காம்பராவில் இரவல் வாங்கியது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
தலவாக்கலை.