கோபாலனுக்கு, நிஷி-கசாயிலிருந்து

நிஷி-கசாய், டோக்கியோ
ஞாயிறு, விடியற்காலை

அன்புள்ள கோபாலா,

முதலில் திட்டித் தீர்த்துவிடு. போய்ச் சேர்ந்த வாரமே எழுதுகிறேன் என்று ஏர்போர்ட்டிலிருந்து ஜம்பமாகச் சொன்னவன் ஐந்து வாரம் கழித்து உட்கார்ந்திருக்கிறேன். படித்துக் காட்டப்போவது மீனுதான் என்று கமலா போனில் சொன்னாள். மீனுக் கண்ணு, நிறுத்தி நிதானமாகப் படி. நான் 'கிழவா' என்று எழுதியிருந்தால் கிழவா என்றே படிக்க வேண்டும். நீயாக மரியாதை சேர்க்காதே.

இங்கே எல்லோரும் சௌக்கியம். பேரன் இட்லியைக் குச்சியால் குத்திச் சாப்பிடுகிறான். மாப்பிள்ளை காலையில் போனால் ராத்திரிதான் முகம் தெரிகிறது. சரசா பேரனோடு ஒட்டிக்கொண்டுவிட்டாள், என்னைத் தேட ஆளில்லை. இந்தப் பேட்டையில் நம்மவர்கள் ஏராளம். ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் துவரம்பருப்பு கிடைக்கிறது, லிஃப்டில் தமிழ் கேட்கிறது. வெளிநாடு வந்த மாதிரியே இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டேன். "அப்போ ட்ரெயின் ஏறிப் பாருங்கப்பா" என்றாள் பெண். அங்கேதான் எனக்குப் பைத்தியம் பிடித்தது.

உனக்குத் தெரியும், தாம்பரம் பீச் லைன் தவிர வேறு ரயிலை நான் மதித்ததே கிடையாது. இங்கே சுரங்க ரயிலுக்கே இரண்டு நிர்வாகம். டோக்கியோ மெட்ரோவுக்கு 9 தடம், மாநகர அரசின் தோயேய்க்கு 4. அதற்கு மேல் ஜேஆர் என்கிற பெரிய ரயில்வே, அதற்கும் மேல் தனியார் கம்பெனிகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் கட்டணம் புதிதாக ஆரம்பிக்கும். ஆனால் கார்டு ஒன்றே. பச்சை நிறம், ஓரத்தில் பென்குயின், பெயர் சுய்க்கா. 2001லிருந்து இருக்கிறதாம். கதவில் தட்டினால் திறக்கிறது, அதே கார்டைத் தட்டித் தெருமுனை மெஷினில் காபியும் வாங்கலாம். சில்லறை இல்லை என்று நம் ஆறுமுகம் கண்டக்டர் இருபது வருஷம் பிழைத்தாரே, இங்கே அவருக்கு வேலையே இல்லை.

இன்னொன்று, ரயில் தாமதமானால் ஒரு துண்டுச் சீட்டு தருகிறார்கள். 'எங்களால்தான் இவர் தாமதம்' என்று ரயில்வேயே எழுதிக் கொடுக்கிற சான்றிதழ். ஆபீஸில் காட்டினால் போதும். நம் ஹெட் கிளார்க்கிடம் இதை நீட்டியிருந்தால் மனுஷன் அதையும் கிழித்துப்போட்டு 'ஏன் முந்தின வண்டியில் வரவில்லை' என்று கேட்டிருப்பார்.

எழுதப் படிக்கத் தெரியாத ஊரில் எப்படிப் போகிறாய் என்று கேட்பாய். எண்ணத் தெரிந்தால் போதும். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கிறது. எங்கள் தோசாய் தடம் வானநீலம், எழுத்து டி. எங்கள் ஸ்டேஷன் டி 16, ஊருக்கு நடுவே ஓத்தேமாச்சி டி 09. எண் இறங்கினால் ஊருக்குள் போகிறேன், ஏறினால் வீட்டுக்கு வருகிறேன். அவ்வளவுதான் வித்தை. இந்தத் தைரியத்தில் ஒருநாள் மத்தியானம் ஓத்தேமாச்சியில் வண்டி ஏறினேன். தோயோச்சோ வரை ஒவ்வொரு ஸ்டேஷனாக நல்ல பிள்ளையாக நின்ற வண்டி, திடீரென்று நிற்பதை மறந்துவிட்டது. சுரங்கத்திலிருந்து வெளியே வந்து, அரகாவா ஆற்றைத் தாண்டி, நிஷி-கசாயை விர்ரென்று கடந்தது. எங்கள் வீட்டு மொட்டைமாடியில் காயும் சரசாவின் புடவையைப் பார்த்துக்கொண்டே போனேன். ரேப்பிட் வண்டியாம். இறங்கினால் உராயாசு, டோக்கியோவே முடிந்து பக்கத்து மாநிலமான சிபா ஆரம்பித்துவிட்டது. 1978ல் நீ தூங்கிப்போய் செங்கல்பட்டு வரை போனதை நாற்பது வருஷமாகச் சொல்லிச் சிரித்தேனே, அதற்குக் கணக்குத் தீர்ந்தது. வைத்துக்கொள்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன், இதற்குப் பயந்துதான் ஐந்து வாரம் எழுதவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் நீ சொன்னாய், டாக்டர் சொன்னதை. பக்கவாட்டுப் பார்வை போனது போனதுதான், சொட்டு மருந்து மிச்சத்தைத்தான் காப்பாற்றும், குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று. சொல்லிவிட்டு 'வியாழக்கிழமை லைப்ரரிக்கு இனி போவதில்லை' என்றாய். குரோம்பேட்டையில் ஏறி எழும்பூரில் இறங்கி கன்னிமாராவுக்குப் போய் மத்தியானம் வரை பேப்பர் புரட்டிவிட்டு வருகிறவன், ரிட்டயர் ஆன நாளிலிருந்து ஒரு வியாழன் தவறாதவன். நான் என்ன சொன்னேன்? 'அதனால என்ன, வீட்டிலேயே பேப்பர் வருதே' என்றேன். அந்த வாக்கியம் என்னோடு விமானம் ஏறி வந்து இன்னும் இறங்கவில்லை.

இங்கே எந்த ஸ்டேஷனிலும் தரையில் மஞ்சள் கல் பதித்திருக்கிறது. நம் ஊர் மெட்ரோவிலும் இருக்கிறது, எழும்பூரிலும் பார்த்திருக்கிறேன், அதன் மேல் மூட்டையை வைத்து உட்கார்ந்தும் இருக்கிறேன். எதற்கென்று யோசித்ததில்லை. இரண்டே வகை. நீள வரி என்றால் நட, புள்ளி என்றால் நில். புள்ளிக் கல் முப்பது சென்டிமீட்டர் சதுரம். வண்டிக்குக் காத்திருந்தபோது ஒன்றை எண்ணினேன், 25 புள்ளி. பிளாட்பார ஓரத்துப் புள்ளிக் கல்லில் ஒரு பக்கம் மட்டும் தனியாக ஒரு வரி ஓடுகிறது. அந்த வரி இருக்கும் பக்கம் பிளாட்பாரம், இல்லாத பக்கம் தண்டவாளம். கால் வைத்ததுமே எந்தப் பக்கம் பள்ளம் என்று தெரிந்துவிடும்.

இதைக் கண்டுபிடித்தவர் ஒகயாமா ஊர்க்காரர், செய்இச்சி மியாகே. எஞ்சினியர் இல்லை, தங்கும் விடுதி நடத்தியவர். நண்பர் ஒருவருக்குக் கண் போய்க்கொண்டிருந்ததாம். அதற்காக 1965ல் யோசித்து, கைக்காசைப் போட்டுச் செய்து, 1967ல் அங்கே ஒரு பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் முதலில் பதித்தார். பெண் இதைப் படித்துச் சொன்னபோது நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். அவர் கல் பதித்திருக்கிறார். நான் பேப்பர் வருதே என்றிருக்கிறேன்.

மறுநாள் தனியாகத் தகதனோபாபா போனேன். டி 03, மாறவே வேண்டாம். அங்கே ஜப்பானின் பிரெயில் நூலகம் இருக்கிறது, 1940ல் தொடங்கியது. அதே ஸ்டேஷனில், மேலே ஓடும் ரயில்வே பிளாட்பாரத்தில், 1973ல் பார்வையில்லாத ஒருவர் தண்டவாளத்தில் விழுந்து இறந்தார். அன்றைக்கு அங்கே இந்தக் கல் கிடையாது. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அதற்கப்புறம்தான் ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் பரவியது. பார்வையற்றவர்கள் பிளாட்பாரத்தைக் 'கைப்பிடிச் சுவர் இல்லாத பாலம்' என்பார்களாம்.

வண்டியிலிருந்து இறங்கியதும் ஒரு கிறுக்கு பிடித்தது. கூட்டம் போகட்டும் என்று நின்றேன். அப்புறம் வரிக் கல்லின் மேல் ஏறி, கண்ணை மூடி நடந்தேன். சிரிக்காதே. மெல்லிய செருப்பு, வரிகள் பாதத்தில் தெளிவாகத் தெரிந்தன. பத்து அடி நன்றாகத்தான் இருந்தது. பதினோராவது அடியில் உலகம் பெரிதாகிவிட்டது. எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே புரியவில்லை. கைகள் தானாக முன்னே நீண்டுவிட்டன. அப்போது யாரோ பக்கத்தில் வந்து மெதுவாக ஏதோ சொல்லி, என் கையை எடுத்துத் தன் முழங்கை மேல் வைத்தார். ஸ்டேஷன் ஊழியர்!

இப்போது கண்ணைத் திறக்கவா வேண்டாமா? திறந்தால் இந்த வயதில் இது என்ன விளையாட்டு என்று கேட்பார். கேட்டாலும் பதில் சொல்ல எனக்கு மூன்று வார்த்தைதான் தெரியும். மூடிக்கொண்டே நடந்தேனடா! அவர் இழுக்கவில்லை, தள்ளவில்லை. அரை அடி முன்னே நடந்தார், அவ்வளவுதான். படிக்கட்டு வந்ததும் நின்றார். எங்கேயோ ஒரு குருவி கத்தியது. சுரங்கத்துக்குள் குருவியா என்று நினைத்தேன். அது ஸ்பீக்கராம், படி எங்கே இருக்கிறது என்று சொல்வதற்கு. கைப்பிடிக் கம்பியில் என் கையை வைத்தார், அடியில் பிரெயில் புள்ளிகள் நெருடின. மேலே வந்ததும் பிங்... பாங்... என்று ஒரு மணி. டிக்கெட் கதவு அந்தப் பக்கம். நான் கார்டைத் தட்டி வெளியே வந்து, பத்தடி தள்ளிப் போய், போயிருப்பார் என்று கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தேன்.

போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வயதுப் பையன். நான் விழிக்கிறேன், அவன் விழிக்கிறான். அப்புறம் அவன் இடுப்பு வரை குனிந்து வணங்கினான். நான் அதைவிடக் கீழே குனிந்தேன், முழங்கால் சொல்பேச்சு கேட்ட வரை. ஒரு ஏமாற்றுக்காரனை இவ்வளவு மரியாதையாக யாரும் வழியனுப்பியிருக்க மாட்டார்கள்.

சொன்னால் பெண் இனி தனியாக விடமாட்டாள். மீனு, அத்தைக்குப் போன் போட்டால் இதை உளறாதே.

நிஜமாகவே பார்வை இல்லாதவர் வந்தால் கூட்டிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றிவிட்டு, இறங்கும் ஸ்டேஷனுக்குப் போன் செய்து இந்தப் பெட்டி, இந்தக் கதவு என்று சொல்லிவிடுகிறார்கள். அங்கே ஓர் ஆள் தயாராக நிற்கிறார். எல்லாம் சொர்க்கம் என்று நினைக்காதே. காலை நேரத் தோசாய் வண்டியில் என்னை நசுக்கிய நசுக்கில் மூக்குக் கண்ணாடி வளைந்துவிட்டது, யாரும் 'சாரி' என்று வாய் திறக்கவில்லை. வயதானவர் நின்றால் முன்னுரிமை இருக்கையில் தூங்குகிற மாதிரி நடிக்கும் கலை இங்கேயும் இருக்கிறது, நம் ரங்கநாதன் அளவுக்குத் தேர்ச்சி இல்லை, அவ்வளவுதான்.

நூலகத்தில் பார்வையற்றோருக்கான பொருள் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. உனக்கு மணி சொல்லும் கடிகாரம் வாங்கலாம் என்று பார்த்தேன். அது ஜப்பானியத்தில் மணி சொல்கிறது. கமலா பயந்துவிடுவாள். கடைசியில் ஒரு வெள்ளைக் கோல் வாங்கினேன். மடித்தால் பைக்குள் போய்விடும். மீனு, இந்த வரியைப் படிக்காதே. இல்லை, படி. கோபாலா, கோபம் வந்தால் என் தலையில் போடு, அதற்கும் உதவும். இன்னும் இரண்டு வருஷத்துக்கு அது உனக்குத் தேவைப்படாமல் போகலாம். அலமாரியில் இருக்கட்டும்.

அடுத்த மாதம் 14ஆம் தேதி வருகிறேன். அந்த வார வியாழக்கிழமை பத்தே கால் வண்டி. கூட்டம் குறைந்திருக்கும். நீ என் முழங்கையைப் பிடித்துக்கொள், அரை அடி முன்னால் நடப்பது எப்படி என்று கற்றுக்கொண்டு வந்திருக்கிறேன். வரமாட்டேன் என்றால் வாசலில் நின்று கத்துவேன், உன் தெருவுக்கு என் குரல் தெரியும்.

மீனு, உனக்கு ஒரு வேலை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது குரோம்பேட்டை ஸ்டேஷனில் இரண்டு பிளாட்பாரத்தையும் ஒரு நடை பார். மஞ்சள் கல் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே உடைந்திருக்கிறது, எங்கே கடை போட்டு மறைத்திருக்கிறார்கள், ஓரத்துக் கல்லில் அந்தத் தனி வரி இருக்கிறதா. ஒரு பேப்பரில் படம் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பு. மழை பெய்தால் போகாதே, அந்தப் படிக்கட்டு வழுக்கும்.

உன்,
சீனு