தைலக் காலில் மின்தூண்டல்

ஆசிரியருக்கு,

பக்கவாதத்தால் பாதம் தொங்கும் முதியோருக்கு மின்தூண்டல் கருவியுடன் நடைப்பயிற்சி அளிப்பது பற்றிய செய்தி வாசித்தேன். வரவேற்கத்தக்கதே. ஆனால் கருவியின் பயன், பாதத்தைத் தூக்க மெல்லிய மின்சாரத்தைத் தோல் வழியே செலுத்தும் ஒட்டுப்பட்டைகளில்தான் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே வெளிப்புற எலும்பு முனையை ஒட்டிய நரம்பின்மேல் ஒன்று, முன்கால் தசைமேல் மற்றொன்று. சற்று விலகினாலும் பாதம் மேலே தூக்காமல் வெளிப்பக்கம் திரும்பும். குமரி மாவட்ட வீடுகளில் காலுக்குத் தைலம் தேய்ப்பது வழக்கம் (அதைக் குறை சொல்லவில்லை). பிசுக்கின்மேல் பட்டை பாதிதான் ஒட்டும். மின்சாரம் ஓரிடத்தில் குவிந்து தோல் எரியும். முதியவர் மறுநாளே கருவியை ஓரங்கட்டிவிடுவார். சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் துடைத்த பின்பே ஒட்ட வேண்டும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவர்கள், ஒட்டும் இடத்தைத் தோலில் பேனாவால் குறித்து வீட்டாருக்குப் பழக்கலாம். மாற்றுப் பட்டைகளை மலையோர ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இருப்பு வைக்க வேண்டும்.

- இயன்முறை மருத்துவர் ஒருவர், தக்கலை