வெள்ளி விலை ஏறினாலும் கூலி ஏறவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உலக மக்களில் மேல்தட்டு 10 சதவீதத்தினர் கையில் 76 சதவீதச் சொத்து, அடித்தட்டுப் பாதிப் பேரிடம் வெறும் 2 சதவீதம் என்றது 2022 உலக ஏற்றத்தாழ்வு அறிக்கை. அதை எங்கள் சிவதாபுரம் தெருவிலேயே பார்க்கிறேன்.

பக்கத்து வீட்டு அக்கா விடியும் முன்பே கொலுசுக்குச் சலங்கை பற்றவைக்க உட்கார்ந்துவிடுவார். விரல் நுனியெல்லாம் தீக்காயத் தழும்பு. வெள்ளி விலை ஏறினால், இருப்பு வைத்திருப்பவருக்கு லாபம். எடைக்குக் கூலி வாங்கும் இவருக்கோ ஆர்டர் குறைந்து, இருந்த கூலியும் போகிறது. பிறகு வட்டிக்குக் கடன்தான். போன முறை அப்படித்தான் அவர் மகள் கல்லூரியைப் பாதியில் விட்டாள். நன்றாகப் படித்த பெண்!

வீட்டிலிருந்து செய்யும் கொலுசு வேலைக்கும் குறைந்தபட்சக் கூலி கைக்கு வந்து சேர அரசு வழி செய்ய வேண்டும். வேலையில்லாத மாதங்களுக்கு உதவித்தொகையும் தர வேண்டும்.

- வாசகர், சிவதாபுரம், சேலம்