தலைப்பில் அவள் மட்டும் ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேலூர் மாவட்டப் பக்கத்தில் குடும்பத் தகராறு பற்றிய செய்தி வரும்போதெல்லாம், ஆண் 'தொழிலாளி' என்றோ 'வாலிபர்' என்றோ குறிக்கப்படுகிறார். பெண்ணோ தலைப்பிலேயே 'கள்ளக்காதலி' ஆகிவிடுகிறார். அச்சில் வரும் அந்தச் சொல், தெருவுக்கு வந்ததும் 'குடிகெடுத்தவள்' என்றாகிறது.

குடியாத்தத்தில் எங்கள் தெருவில், அப்படியொரு செய்தி வெளியான அன்று, குழாயடி வரிசையில் இருந்த ஒரு பெண்ணின் குடத்தை மட்டும் பக்கத்து வீட்டு அம்மாள் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, "குடிகெடுத்தவளுக்குத் தண்ணி ஒரு கேடா?" என்று கேட்டார். மனைவியையும் பிள்ளைகளையும் விட்டு வந்த அந்த ஆள், தெருமுனை டீக்கடையில் அதே செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

'குடிகெடுத்தவன்' என்ற ஆண்பால் சொல் இல்லாமல் இல்லை. ஆனால் கைதவறிப் பாலைக் கொட்டிய பையனையும் "அடக் குடிகெடுத்தவனே" என்றுதான் சொல்கிறோம். வசை அங்கே செல்லமாகிவிடுகிறது. 'கள்ளப்புருஷன்' என்ற சொல்லும் அவனைச் சொல்வதுபோல் அவளைத்தான் இழிவுபடுத்துகிறது.

சட்டம் இதற்கு நேர்மாறாக இருந்ததுதான் வேடிக்கை. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 497ஆவது பிரிவு, பிறர் மனைவியோடு அவள் கணவனின் சம்மதமின்றி உறவு கொண்ட ஆணுக்கு மட்டுமே 5 ஆண்டு வரை சிறை விதித்தது. பெண்ணை உடந்தையாகக்கூடத் தண்டிக்கவில்லை. (மனைவியைக் கணவனின் உடைமையாக எண்ணிய சட்டம் அது, பெருமைப்பட ஒன்றுமில்லை.) 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அப்பிரிவைச் செல்லாது என அறிவித்தது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது இடம்பெறவில்லை. விவாகரத்து கோருவதற்கு அத்தகைய உறவு இன்றும் ஒரு காரணம்தான் என்றாலும், அதற்காக யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. நீதிமன்றமே குற்றமல்ல என்று சொன்ன பிறகும், தலைப்பில் மட்டும் 'கள்ள' என்ற ஒட்டு நீடிப்பது எந்த நியாயம்?

எனவே, மனைவி இருக்கும் ஆண் என்றால் அதையே தலைப்பில் எழுதுமாறும், வழக்குக்குத் தேவையில்லாத இடத்தில் பெண்ணின் பெயர், தெரு, புகைப்படம் ஆகியவற்றைத் தவிர்க்குமாறும் மாவட்டச் செய்தியாளர்களுக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.