கவுன்சிலரின் நோட்டுப் புத்தகத்துக்கும் ஒரு வாரிசு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு பேரூராட்சியின் வார்டு உறுப்பினர். தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த தேர்தலில் வென்று, மார்ச் 2 அன்று பதவியேற்றவர்களில் ஒருத்தி. எங்கள் ஐந்தாண்டுக் காலம் முடிகிறபோது அடுத்து வருகிறவர்களிடம் நாங்கள் ஒப்படைக்க வேண்டிய, ஆனால் எந்த விதியும் கேட்காத ஒரு பொருளைப் பற்றி எழுதுகிறேன்.

2011இல் தேர்வான மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதன்பிறகு ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக நகராட்சி, பேரூராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் எவரும் இல்லை. தனி அலுவலர்களே நிர்வாகத்தைக் கவனித்தார்கள். அந்த இடைவெளியின் பொருள் பதவியேற்ற இரண்டாவது வாரத்தில்தான் எனக்குப் புரிந்தது. ஒரு தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்று பெண்கள் குடத்தோடு வந்து நின்றபோது, அந்தத் தெருவின் வால்வு எங்கே இருக்கிறது என்று சொல்ல அலுவலகத்தில் ஆளில்லை. தெரிந்த பணியாளர் ஓய்வு பெற்றுவிட்டார், முந்தைய உறுப்பினர் வெளியூருக்குக் குடிபெயர்ந்துவிட்டார், செயல் அலுவலரோ எனக்குச் சில நாட்கள் முன்புதான் மாற்றலாகி வந்திருந்தார். புதிய சாலை போட்டபோது வால்வின் மேலேயே தாரை ஊற்றி மூடியிருந்தார்கள். இரண்டு இடங்களில் வீணாகத் தோண்டி, மூன்றாவது இடத்தில் அதைக் கண்டுபிடித்தோம். அன்று இரவு, என் மகன் பாதி எழுதிவிட்டுப் போட்டிருந்த கணக்கு நோட்டின் மீதிப் பக்கத்தில், “மூன்றாவது மின்கம்பத்திலிருந்து கிழக்கே ஏழு அடி, வால்வு” என்று எழுதி வைத்தேன். அந்த நோட்டு நிறைந்து, இப்போது நான்காவது ஓடுகிறது.

அலுவலகத்தில் பதிவேடுகளுக்குக் குறைவில்லை என்பதை மறுக்கவில்லை. ஆனால் மன்றக் கூட்டப் பதிவேட்டில், “மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும் வைக்கப்படுகிறது” என்று தொடங்கி, “ஏகமனதாக அனுமதிக்கப்பட்டது” என்று முடியும் வரிகளுக்கு நடுவே, அந்த வேலையை யார் கேட்டார், யார் தடுத்தார், எந்த வீட்டு வாசலில் குழி தோண்டக் கூடாதென்று சண்டை வந்தது என்ற விவரம் எதுவும் இருக்காது, இருக்கவும் தேவையில்லை. அதெல்லாம் உறுப்பினரின் தலைக்குள் இருந்து, அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது.

என் நோட்டில் வீட்டுச் செய்தியும் வார்டுச் செய்தியும் கலந்தே கிடக்கின்றன. தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டிய நாளுக்குக் கீழே தெருவிளக்கு எண் இருக்கும். முதலில் பிரித்து எழுதப் பார்த்தேன். முடியவில்லை, ஏனென்றால் பேரூராட்சிக்கு வருகிற காரியங்களில் பெரும்பாலானவை யாரோ ஒருவரின் வீட்டுக் காரியமாகத்தான் தொடங்குகின்றன. குழந்தை பிறந்தால் 21 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பது பலருக்கும் தெரிந்திருக்கிறது. பெயர் வைக்காமலும் பிறப்பைப் பதியலாம், ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம், அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் என்பது தெரிவதில்லை. இரு வீட்டுத் தாத்தாக்களின் பெயருக்கும் இடையே முடிவெடுக்க இயலாமல் மாதங்களைக் கடத்திவிட்டு, பள்ளியில் சேர்க்கும்போது ஓடி வருகிறார்கள். ஆகவே வார்டில் பிறந்த குழந்தைகளின் தேதியைக் குறித்துக்கொண்டு, பத்தாவது மாதம் அந்த வீட்டு வாசலில் போய் நின்று கேட்பேன். இது எந்தச் சட்டத்திலும் உறுப்பினரின் கடமையாக எழுதப்பட்டதில்லை.

என் மாமியாரையும் இங்கே சொல்ல வேண்டும். மழைக்கு ஒரு முட்டுச்சந்தில் முழங்கால் அளவு தண்ணீர் தேங்கும். வடிகாலை உயர்த்திக் கட்ட மதிப்பீடு தயாராகிக்கொண்டிருந்தபோது, அத்தை திண்ணையில் இருந்தபடியே, “அங்கே ஒரு ஓடை போச்சே, அதை என்ன பண்ணினீங்க?” என்று கேட்டார். பொறியாளரை அழைத்துவந்து பார்த்ததில், இரண்டு வீடுகளுக்கு நடுவே மண்மூடிய பழைய சிறுபாலம் ஒன்று இருந்தது. அதைத் தூர்வாரியதும் அந்த மழைக்காலத்தில் தண்ணீர் வழிந்தோடிவிட்டது. மறு ஆண்டு அத்தை காலமானார். அந்தத் தேதிப் பக்கத்தில் இறப்புப் பதிவு எண்ணும், அதற்குக் கீழே அவர் சொல்லி நான் வரைந்த ஓடையின் வழித்தடமும் இருக்கின்றன. அவர் சொல்லாமல் போன ஓடைகள் எத்தனையோ.

இடையில் ஒன்று. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு உண்டு. என் வார்டும் அப்படி வந்ததே. ஆனாலும் மனுவோடு வருகிறவர்களில் சிலர் இன்றும், “சார் இருக்காரா?” என்று என் கணவரைத்தான் கேட்கிறார்கள். அவர் சிரித்துக்கொண்டே, “நோட்டு அவங்ககிட்டதான் இருக்கு” என்பார்.

என் வேண்டுகோள் இதுதான். பதவிக்காலம் முடியும்போது ஒவ்வோர் உறுப்பினரும் தம் வார்டுக் குறிப்புகளை எழுத்தில் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றும், புதிய உறுப்பினர் பொறுப்பேற்கும் நாளில் அதைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்றும் அரசு ஒரு சுற்றறிக்கை அனுப்பினாலே போதும். கட்சி மாறினாலும் வால்வு இடம் மாறுவதில்லை. உள்ளதை உள்ளபடியே கொடுத்துவிடவும் முடியாது என்பதை அறிவேன். மக்கள் நம்பிச் சொன்ன குடும்பச் சண்டைகளும், நோய்களும், கடன்களும் அதே பக்கங்களில் இருக்கின்றன. அவை அலுவலக அலமாரிக்குப் போகக் கூடாது. அதனால் நான் இரவுகளில் குழாய், வடிகால், விளக்கு, எல்லைத் தகராறு ஆகியவற்றை மட்டும் புதிய நோட்டில் படி எடுத்து வருகிறேன். இரண்டாம் ஆண்டின் மழைக்காலம் வரை வந்திருக்கிறேன்.

2016இல் பொறுப்பிலிருந்து இறங்கிய உறுப்பினர்கள் தங்கள் வாசகர்களில் பலர் இருப்பார்கள். அவர்கள் வீட்டுப் பரணில் அப்படி ஏதேனும் கிடந்தால், அதைத் தூசி தட்டித் தம் வார்டின் இன்றைய உறுப்பினரிடம் கொடுக்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பேரூராட்சி வார்டு உறுப்பினர் ஒருவர்
(பெயரும் முகவரியும் ஆசிரியரின் பார்வைக்கு மட்டும்)