தவம் முதல், சாபம் செலவு

காட்பாடி,
வைகாசி.

அன்புள்ள தோழிக்கு,

ஸ்கைரிம் கணினி ஆட்டத்துக்கு நான் செய்துகொண்டிருக்கும் மாற்றத்தில் (மாட்) மந்திரவாதிக்குப் புதிதாக என்ன திறன் வைக்கப் போகிறாய் என்று கேட்டிருந்தாய். நெருப்பு, பனி, மின்னல் எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். சாபம் வைக்கப் போகிறேன். சாபம் கொடுக்கக் கையில் முதல் வேண்டும் இல்லையா, அதற்குத் தவம்.

ஊர்ச் செய்தியை முதலில் முடித்துவிடுகிறேன். அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெயில் இறங்கவில்லை. பகலில் மாடி அறைச் சுவரில் கை வைக்க முடியாது, அதனால் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் ஆட்டத்தை மாற்றியமைக்கும் மென்பொருளான கிரியேஷன் கிட்டைத் திறக்கிறேன். அம்மாவுக்கு முட்டி வலி தேவலை. பாலாற்றில் மணல்தான் ஓடுகிறது. நீ வருகிற தேதியைச் சொன்னால் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வாங்கி வைக்கிறேன் என்கிறார் அம்மா.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஸ்கைரிம் வந்தது 2011-ல். இத்தனை வருஷம் ஆகியும் அதில் மந்திரவாதியாகக் கடைசிவரை போகிறவர்களின் குறை மாறவில்லை. நெருப்பு, பனி, மின்னலை ஏவும் டெஸ்ட்ரக்‌ஷன் திறனை 100 வரை ஏற்றினாலும் மந்திரத்தின் அடி ஏறுவதில்லை, மேஜிக்கா என்ற மந்திர சக்தியின் செலவுதான் இறங்குகிறது. ஃபயர்போல்ட் என்ற நெருப்பு மந்திரத்தின் அடி ஆரம்பத்திலும் 25, ஐம்பதாவது லெவலிலும் 25. நெருப்பை வலுவாக்கும் பெர்க் (கூடுதல் சலுகை) இரண்டையும் எடுத்தால் ஒன்றரை மடங்கு, அத்தோடு சரி. வாள் பிடித்தவன் மட்டும் பட்டறைக்குப் போய்ப் போய் ஆயுதத்தைத் தீட்டிக்கொண்டே இருக்கிறான். சரி, இதற்கு ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்த வழி என்ன? அணிகளில் மந்திரம் ஏற்றும் என்சான்டிங் திறனை 100-க்குக் கொண்டுபோய், தலை, உடம்பு, கழுத்து, விரல் என்று நாலு இடத்தில் தலா 25 சதவீதம் செலவுக் குறைப்பைப் போட்டுக்கொள்வது. கூட்டினால் 100. அதற்கப்புறம் எந்த நெருப்பும் இலவசம்.

இந்த இலவசம்தான் எனக்கு ஆகவில்லை. பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பவனிடம் என்ன மந்திரம் இருக்கிறது? நம் கதைகளில் ஒரு முனிவரும் சும்மா சபித்ததில்லை, பார். தவத்தைக் கலைக்க வந்த ரம்பையை விசுவாமித்திரர் கல்லாகச் சபித்தார். அந்தக் கோபத்திலேயே அதுவரை சேர்த்த தவம் போயிற்று, மறுபடி முதலிலிருந்து உட்கார்ந்தார். சபிப்பவருக்கு எவ்வளவு போகும் என்பது தெரிந்தால்தான் கேட்பவர்களுக்கு உடம்பு நடுங்கும். ஆட்டத்திலும் அதுவே வேண்டும் எனக்கு.

ஆகவே தவம் என்று தனிக் கணக்கு வைக்கிறேன். மேஜிக்காவோடு அதற்குச் சம்பந்தமே கிடையாது. மோதிரம் போட்டு ஏற்ற முடியாது, போஷன் குடித்து நிரப்ப முடியாது. உட்கார வேண்டும், அசையாமல். மலைமேல் இருக்கும் ஹை ஹ்ராத்கார் மடத்தில் கிரேபியர்டு என்ற துறவிகள் மண்டியிட்டுத் தியானம் செய்வார்களே, அந்த அசைவு ஆட்டத்திலேயே இருப்பதால் புது அனிமேஷன் தேவைப்படாது.

இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது. ஆட்ட நேரத்தை வைத்துத் தவத்தை எண்ணினால், காத்திருக்கும் மெனுவைத் திறந்து 24 மணி நேரம் தள்ளிவிடுவார்கள், முனிவராகிவிடுவார்கள். நம் நேரத்தில் ஒரு நிமிஷம் போனால் ஆட்டத்தில் இருபது நிமிஷம் வேறு. அதனால் ஆட்டத்தின் ஸ்கிரிப்ட் மொழியான பாப்பிரஸில் நிஜ நொடிகளை எண்ணுகிற சிங்கிள் அப்டேட்டைப் போட்டிருக்கிறேன். மெனு திறந்திருந்தால் அது நின்றுவிடும். ஒருமுறை ஓடி முடிந்ததும் தேவையென்றால் மட்டும் அடுத்ததைக் கேட்கும், சேவ் ஃபைலில் குப்பை சேராது. தானாகத் திரும்பத் திரும்ப ஓடுகிற அப்டேட்டைத் தொடவே கூடாது என்று நீ முன்பே சொன்னது நல்லதாயிற்று.

ஆனால் நிஜமாகவே ஐந்து நிமிஷம் திரையில் ஒருத்தர் உட்கார்ந்திருப்பதை யார் பார்ப்பார்கள்? எனக்கு வழி கிடைத்தது பெரியம்மா ஊரில். போன மாதம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்தது, அர்ச்சுனன் தபசு அன்று போயிருந்தேன். நம் பக்கத்துக் கூத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திறந்த வெளியில் தபசு மரம் நட்டிருந்தார்கள். வேஷம் கட்டியவர் ஒரு படி ஏறுகிறார், ஒரு பாட்டு பாடுகிறார். அடுத்த படி, அடுத்த பாட்டு. கீழே பிள்ளை வரம் வேண்டி வந்த பெண்கள் ஈரப் புடவையோடு மடியேந்திக் காத்திருக்கிறார்கள். அவர் உச்சிக்குப் போய் எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசும்வரை அந்தக் கூட்டத்தில் ஒருத்தர்கூட நகரவில்லை. ஏறி முடிக்க வெகுநேரம் பிடித்தது. எனக்கு அது நீளமாகவே தெரியவில்லை. படிக்குப் படி ஏதோ ஒன்று நடந்துகொண்டே இருந்தது, அதுதான் காரணம்.

வீட்டுக்கு வந்ததும் தவத்தை ஐந்து படியாகப் பிரித்தேன். நிமிஷத்துக்கு ஒரு படி. ஒவ்வொரு படியிலும் ஒரு சோதனை வரும். முதல் படியில் சின்னது, முன்னால் ஒரு பெட்டி திறந்து பொன் தெரியும். மூன்றாம் படியில் முதுகுக்குப் பின்னால், ஆட்டத்தில் துணைக்கு வரும் வீராங்கனை லிடியாவின் குரல், ஓநாய் சூழ்ந்துவிட்டது என்று கத்துவாள். நாலில் ஒரு தடவை அது நிஜம். எழுந்தால் தவம் கலையும். எழாமல் இருந்து அது நிஜமாக இருந்துவிட்டால் லிடியா போனாள். திரும்பிப் பார்க்கவும் முடியாது, கேமராவைக் கட்டிப்போட்டிருக்கிறேன். விளையாடிப் பார்த்த என் சித்தப்பா பையன் அந்த மூன்றாம் படியில் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். கையை மட்டும் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

இப்போது சாபம். இதில் ஒரே ஒரு சட்டம், அதை யார் சொன்னாலும் தளர்த்த மாட்டேன்: விமோசனம் சொல்லாமல் சபிக்க முடியாது. நகுஷன் அகத்தியர் சாபத்தில் பாம்பாக விழுந்தான், தருமன் வந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னதும் மீண்டான். விமோசனம்தான் அந்தக் கதையை நடத்திக்கொண்டு போகிறது. நம் ஆட்டத்திலும் சாபத்தைத் தேர்ந்ததும் இரண்டாவது பட்டியல் திறக்கும். மழை நனைத்தால் நீங்கும் என்பது எளிது, அதற்குத் தவம் குறைவாகப் போகும். இன்னின்ன கோயிலுக்கு நடந்து போனால் நீங்கும் என்பது நடுத்தரம். கேட்காமலே ஒருவர் மனமுவந்து ஒரு பொருள் கொடுத்தால் நீங்கும் என்பது அரிது, ஐந்து படித் தவமும் அதிலேயே தீரும். மழைக்கு வானிலையின் வகை எண்ணைப் பார்த்தால் போதும், 2 என்றால் மழை. வெட்டவெளியில் நிற்கிறானா என்பதையும் சேர்த்துப் பார்க்கிறேன்.

சபிக்கப்பட்டவரை ஒரு குவெஸ்டின் (ஆட்டத்துக்குள் ஓடும் பணி) அலியாஸில், அதாவது ஆளைக் குறித்துவைக்கும் இடத்தில், போடுகிறேன். போகும் வழி, கையில் பொருள் வருவது, சாவது எல்லாம் அந்த அலியாஸில் மாட்டிய ஸ்கிரிப்டுக்குத் தெரிந்துவிடும். அலியாஸ்களை முன்கூட்டியே எண்ணி வைக்க வேண்டும் என்பதால் ஐந்து மட்டும் வைத்தேன். ஐந்து பேர் சாபத்தில் இருந்தால் ஆறாவது ஆளைச் சபிக்க முடியாது. யாராவது ஒருவருக்கு விமோசனம் கிடைக்கும்வரை பொறுக்க வேண்டும், இல்லையென்றால் நாமே போய் உதவ வேண்டும். தான் சபித்தவனின் கையைப் பிடித்து மழைக்கு இழுத்துப்போகும் மந்திரவாதி! எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்திருக்கிறது.

முதல் சோதனையைச் சொல்கிறேன். கொள்ளைக்கூட்டத் தலைவன் ஒருவனுக்கு 'கை ஓங்கினால் கை தளரும்' சாபம். ஆயுதத்தை உருவியிருக்கும் வரை அவன் ஸ்டாமினா என்ற உடல் வலு வடிந்துகொண்டே இருக்கும். விமோசனம், வைட்ரன் நகரத்தில் கைனரெத் தெய்வத்தின் கோயிலுக்கு நடந்து போவது. சாபம் விழுந்ததும் அவன் கோடாரியை உறையில் போட்டான். கோட்டை வாசலில் காவலிருந்த தன் ஆட்களைத் தாண்டி, ஒரு வார்த்தை பேசாமல் பாதையில் இறங்கி நடந்தான். நான் பின்னாலேயே போனேன். பொழுது சாய்ந்தது, ஓநாய் ஒன்று வந்தது, ஓடித் தப்பித்தான். வைட்ரன் வாசலுக்கு நூறு அடி இருக்கும்போது காவலர்கள் அம்பு விட்டுக் கொன்றுவிட்டார்கள். கொள்ளைக்காரனைக் கண்டால் அவர்கள் செய்வது அதுதான். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லைடி. அவ்வளவு தூரம் நடந்து வந்தவன்.

பதில் மறுபடியும் அர்ச்சுனனிடமே கிடைத்தது. தபசு முடித்து இந்திரலோகம் போனவனை, தன் ஆசைக்கு இணங்கவில்லை என்று ஊர்வசி பேடியாகச் சபித்தாள். இந்திரன் அதை ஒரு வருஷமாகக் குறைத்தான். அந்த ஒரு வருஷம்தான் விராட நகரத்தில் அவனைக் காப்பாற்றியது. பிருகன்னளையாக உத்தரைக்கு நடனம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் இருந்தான். சாபமே கவசமாகிவிட்டது. அதேபோல, கை தளர்ந்தவனால் யாருக்கும் ஆபத்தில்லை. ஆகவே சாபம் இருக்கும்வரை காவலர்கள் அவனை அடிக்காதபடி வேறு கூட்டத்தில், அதாவது வேறு ஃபேக்‌ஷனில் சேர்த்துவிட்டேன். இப்போது நேராகக் கோயிலுக்குள் போகிறான். ஐந்து சாபத்துக்கும் இப்படி ஒரு மறைமுக நன்மை வைக்கப் போகிறேன். மூன்றுக்கு யோசித்துவிட்டேன். வியாபாரி கையில் பொன் தங்காத சாபம் இருக்கிறதே, அவனைத் திருடர்கள் தொட மாட்டார்கள். குரல் அடங்கும் சாபத்துக்கு என்ன நன்மை என்று எனக்குப் பிடிபடவில்லை, நீ சொல்.

இன்னொன்றிலும் உன் அபிப்பிராயம் வேண்டும். விமோசனத்துக்கு நடந்துபோகிறவனை வழியில் ஆட்டக்காரரே வெட்டிவிட்டால் என்ன செய்வது? அவன் எதிர்த்து அடிக்க மாட்டான், சுலபமான இரை. தவம் முழுக்கப் போய்விட வேண்டும், அந்த அலியாஸும் திரும்பக் கிடைக்கக் கூடாது என்பது என் கட்சி. ஐந்து இடம் நாலாகிவிடும், கடைசிவரை. ரொம்பக் கடுமை என்று சித்தப்பா பையன் சொல்கிறான். நான் விட்டுக்கொடுக்கும் எண்ணத்தில் இல்லை. ஆனாலும் நீ விளையாடிப் பார்த்துவிட்டுச் சொன்னால் கேட்பேன்.

ஃபைலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சாபம் சொல்லும் வரிகள் இன்னும் எழுதவில்லை. அவை உன் கையால் வரட்டும், நாலு சீருக்கு மேல் போகாமல், ஒரு மூச்சில் சொல்லி முடிக்கிற மாதிரி. விமோசன வரி மட்டும் கொஞ்சம் நிதானமாக இருக்கட்டும். சபிக்கப்பட்டவனுக்கு அது தெளிவாகக் காதில் விழ வேண்டும். ஆடி பிறப்பதற்குள் அனுப்பினாயானால் குரல் பதிவை நான் இங்கேயே முடித்துவிடுவேன்.

அன்புடன்,
உன் தோழி